அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது?

அண்ணன் பிறந்தது லாபிஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அப்பா சீக்கிரமே தவறிவிட, பள்ளிப் படிப்பைப் படிவம் ஐந்தோடு நிறுத்திக்கொண்டு, குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்குப் போனார். தங்கையான என்னை ஆசிரியை ஆக்கியது அவருடைய ஓவர்டைம். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. எங்கள் காது புளிக்கும்வரை அவர் சொன்னது நிறத்தைப் பற்றித்தான்.

சின்ன வயதிலேயே அந்தக் கிறுக்கு உண்டு. ஒரே கடையில் வாங்கிய இரண்டு வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் ஏன் ஒரே வெள்ளையாக இல்லை என்று அம்மாவைக் குடைந்தெடுப்பார். சோறு வடிக்கவே நேரம் போதாத அம்மா இதற்கு எங்கே பதில் சொல்வார்?

சிம்பாங் ரெங்கத்தில் குடியேறிய பிறகு, மகளின் கல்யாணப் படங்களை வீட்டிலேயே அச்சிடலாமே என்று ஒரு பிரிண்டர் வாங்கினார். முதல் படத்திலேயே அரக்குச் சேலை செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

“அலமாக்! கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே இருந்திச்சு? கல்யாணச் சேலைங்க இது!” என்று அண்ணி பதறினார்.

அண்ணனுக்கோ லாட்டரி விழுந்த முகம். திரையில் ஒரு நிறம், தாளில் வேறு நிறம், ஏன்? அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

திரை அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருந்தது முதல் காரணம். திரையின்மேல் வைத்து நிறத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றால் அதைச் சரிசெய்தார். அடுத்தது தாள். ஒரே மை, பளபளப்பான தாளில் ஒரு மாதிரியும் மங்கலான தாளில் வேறு மாதிரியும் ஊறுமாம். ஆகவே நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்களை அச்சிட்டு, நம் ஊர்ப் புழுக்கத்தில் மை நன்றாகக் காயட்டும் என்று மறுநாள்வரை விட்டு, ஒவ்வொன்றையும் இன்னொரு கருவியால் அளப்பார். இந்தத் தாளில் இந்த நிறம் வர எந்த மை எவ்வளவு வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் அந்தக் கணக்குக்குப் பெயர் புரொஃபைல். தாள்கள் பறந்துவிடும் என்று மின்விசிறியைப் போட விடமாட்டார். விருந்துக்குப் போன நாங்கள் வேர்த்து வழிவோம்.

மை மாற்றினாலும் தாள் மாற்றினாலும் சோதனைக்கு அவர் முகம்தான். காலை வெளிச்சத்தில் வாசலில், கையில் ஒரு சாம்பல் நிற அட்டையோடு நிற்பார். அண்ணி படம் எடுப்பார். சாம்பல் நிறத்தில் துளி மஞ்சள் கலந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும் என்பது அவர் விளக்கம்.

“கடையில எல்லாம் நம்மள வெளுத்துடுறாங்க தங்கச்சி. கறுப்ப கறுப்பா அச்சடிக்க ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல,” என்று சிரிப்பார்.

ஒரு பள்ளி விடுமுறையில் நான் அங்கே இருந்தபோது, சோதனைப் படத்தில் அவர் முகம் மஞ்சளாக வந்தது. பிரிண்டரில் மை பீய்ச்சும் முனைகளைச் சுத்தம் செய்தார், புது மை போட்டார், புரொஃபைலை முதலிலிருந்து செய்தார். மறுபடியும் மஞ்சள். சரியாகச் சாப்பிடவும் இல்லை. பிரிண்டர் கவலை என்றே நினைத்தோம்.

தேநீர் கொண்டுவந்த அண்ணி படத்தை எடுத்துப் பார்த்தார்.

“ஏங்க, பிரிண்டர்ல கோளாறுன்னா கையில உள்ள அட்டையும் மஞ்சளாத்தானே வரணும்? அது சாம்பலாத்தானே இருக்கு?”

அண்ணன் படத்தை வாசலுக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கச் சொன்னார். விழியின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

அன்று மாலையே மருத்துவமனைக்குப் போனோம். பித்தக் குழாயை ஒரு கட்டி அடைத்திருந்தது. முழுவதும் குணமாக்க முடியாது, ஆனாலும் இந்த நேரத்தில் வந்ததால் அடைப்பை நீக்கிக் கொஞ்ச காலம் நன்றாக இருக்க வைக்கலாம் என்றார் மருத்துவர். அவர் அந்தப் பக்கம் போனதும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை: “அப்போ என் புரொஃபைல் சரிதான்!”

அண்ணி அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு அழுதார்.

அடுத்த தீபாவளிக்கு அண்ணன் வீட்டில் இருந்தார். முறுக்கு தின்றார், மருமகனைப் பிடித்து உட்கார வைத்து மங்கல் தாளின் மகிமையைச் சொல்லிக் கொன்றார். பொங்கலுக்கு முன்பே, தூக்கத்தில் எங்களை விட்டுப் போனார்.

ஆண்டு ஒன்று ஆகப்போகிறது. அவரைத் தாங்கிய தாதியருக்கும், கேட்காமலே காரை எடுத்த பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், இறுதி நாளில் லாயாங் லாயாங்கிலிருந்தும் லாபிஸிலிருந்தும் வந்து நின்ற உறவுகளுக்கும் கைகூப்புகிறோம்.

இந்த நினைவு மலரின் முகப்புக்கு அந்தச் சோதனைப் படத்தைத்தான் கொடுத்திருந்தோம். மலரை அச்சிடும் அச்சகத் தம்பி போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, முகப்புப் படத்துல முகம் ரொம்ப மஞ்சளா இருக்கு லா. நாங்க அந்த மஞ்சள எடுத்துர்றோம், நல்லா வரும்.”

நான் தொலைபேசியை அண்ணியிடம் நீட்டினேன்.

“வேண்டாம் தம்பி,” என்றார் அண்ணி. “அந்த மஞ்சளப் பாத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்னும் ஒரு தீபாவளிக்கு அவரு எங்ககூட இருந்தாரு. அப்படியே போடுங்க.”