மிலிட்டரி பாட்டு நின்று போகும் இடம்

செய்தி வந்தபோது நான் ரேஷன் கடையில் கைரேகை மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாவின் கட்டைவிரலை அது ஏற்கவே மாட்டேன் என்றது. வரிசை முணுமுணுத்தது, நான் பதிலுக்குக் கத்தினேன். அந்த நேரம் பார்த்து சூசை அண்ணன் மகன் ஆரோக்கியம் போன் செய்தான். "அப்பா போயிட்டாரு சித்தப்பா" என்றான். "யாரோட சண்டை?" என்று கேட்டேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. குளத்தூர் பஸ் ஸ்டாண்டில் வழியை மறித்து ஆட்டோவை நிறுத்தியிருந்த ஒருத்தனைக் கையை ஓங்கித் திட்டிக்கொண்டிருந்தாராம். ஓங்கிய கையோடு அப்படியே சரிந்துவிட்டாராம். நான் கடையைப் பூட்டக் கிளம்பியதும் வரிசை சண்டைக்கு வந்தது. மிலிட்டரி பாட்டு சூசை செத்துப்போய்விட்டார் என்றேன். வரிசை கலைந்தது. கைரேகை பதியாத அந்த அம்மா மட்டும், "அப்ப அவருக்கு யாருங்க அந்தப் பாட்டை வாசிப்பா?" என்று கேட்டார்.

எனக்கும் அதே கவலைதான். வாசிக்க ஆள் கிடையாது. வாசிக்காமல் மண் போடக் கூடாது என்பது அவர் எனக்கு இட்ட கட்டளை.

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் இரண்டு பக்கம் எழுதச் சொல்லி ஆரோக்கியம் கேட்டான். அன்பே உருவானவர், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்று எழுதினால் அவரைத் தெரிந்த நீங்களெல்லாம் வாய்விட்டுச் சிரிப்பீர்கள். சூசைமாணிக்கம் அண்ணன் அடிதடிக்காரர். ராணுவ பேண்டில் டிரம்பெட் வாசித்து ஓய்வு பெற்று வந்து, எங்கள் பக்கத்தில் பேண்டு செட் ஆரம்பித்தார். கடை இல்லாத நேரமெல்லாம் அதில் நான் பெரிய டிரம். கல்யாணம், சாவு, தேர் என்று அவரோடு சுற்றியதில் நாங்கள் அடி வாங்காத ஊர் குறைவு, கொடுக்காத ஊர் அதைவிடக் குறைவு.

அந்தப் பாட்டை அவர் பட்டாளத்தில் இருந்தபோது ஒரு பழைய இசைத்தட்டில் கேட்டுப் பிடித்துக்கொண்டார். அமெரிக்காவில் கறுப்பு மக்கள் அந்தக் காலத்தில் வாசித்த ஜாஸ் என்பார். பெயர் என்ன என்று கேட்டால் எரிந்து விழுவார். "பேரு என்னத்துக்கு? காதுல விழுதுல்ல?" அவர் சொல்லாததால் சனங்களே மிலிட்டரி பாட்டு என்று பேர் வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பாட்டை எனக்குப் பழக்கிய முதல் நாளே என் வாயைக் கிழித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புளிய மரத்தடியில் ஒத்திகை. பாட்டின் நடுவில் ஓர் இடம் வரும். டிரம்பெட் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். ஓர் அடி நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு தணிந்து இறங்கும். சும்மா கிடக்கிறதே என்று நான் அந்த இடத்தில் ஓங்கி ஒன்று தட்டினேன். அண்ணன் டிரம்பெட்டை இடது கைக்கு மாற்றினார், வலது கையால் ஒரு குத்து விட்டார். கீழுதடு பல்லில் பட்டுப் பிளந்தது. "அது கேக்குறவனுக்கு விட்ட எடம். அதுல ஒனக்கென்னடா வேலை?" என்றார். ரத்தத்தைத் துப்பிவிட்டு நானும் அவர் சட்டையைப் பிடித்தேன். இரண்டு பேரும் புழுதியில் உருண்டோம். அன்று சாயங்காலம் ஆலங்குடியில் ஒரு சாவுக்கு வீங்கிய உதட்டோடு போனேன். அந்த இடம் வந்ததும் குச்சியைத் தூக்கிப் பிடித்து நின்றேன். சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் அந்த ஓர் அடி நேரம் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். டிரம்பெட் இறங்கியதும்தான் விட்டார்கள். வாங்கிய குத்து நியாயம்தான் என்று அப்போது ஒத்துக்கொண்டேன், அவரிடம் சொல்லவில்லை.

பாடையை இறக்கித் திசை மாற்றித் தூக்குகிற இடத்தில் அதை வாசிப்பார். எங்கள் பக்கம் வேதக்காரர் என்று சொல்லும் கிறிஸ்தவர் சாவு என்றால் கல்லறைத் தோட்டத்து வாசலில். போகப்போக எங்களைக் கூப்பிட வருகிறவர்கள், "மிலிட்டரி பாட்டு உண்டுல்ல?" என்று கேட்ட பிறகே வெற்றிலை பாக்கு வைத்தார்கள். இன்னொரு தடவை வாசி என்று கேட்டுச் சனங்கள் மறியல் செய்ததுண்டு. எங்கள் சாவுக்கு ஒரு தடவை, அவன் வீட்டுச் சாவுக்கு ரெண்டு தடவையா என்று அண்ணன் தம்பிகள் மண்டையை உடைத்துக்கொண்டதும் உண்டு.

திருவரங்குளம் செல்லையாவின் தாயார் இறந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். செல்லையா கல் உடைக்கிற வேலையில் உரமேறிய ஆள். அண்ணனுக்கு நேர் எதிரே, எச்சில் தெறிக்கிற தூரத்தில் நின்று பாட்டைக் கேட்டார். இன்னொரு தடவை என்றார். அண்ணன் வாசித்தார். இன்னும் ஒரு தடவை என்றார். நடுவில் குடித்திருந்த பங்காளி ஒருத்தன் டிரம்பெட் வாயில் கையை வைத்து அடைத்து, சினிமாக் குத்துப் பாட்டு போடு என்றான். அண்ணன் அதே டிரம்பெட்டால் அவன் காதோடு ஒன்று போட்டார். விழுந்தவனைச் செல்லையா மிதித்தார். தாயின் பாடை பக்கத்தில் கிடக்க, மகனும் பேண்டுக்காரரும் சேர்ந்து ஒரு சொந்தக்காரனைப் புரட்டியெடுத்ததை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பிறகு அண்ணன் உதட்டைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து வாசித்தார். செல்லையா அப்போதுதான் அழுதார்.

அதற்குச் சில வருசம் கழித்து ஒரு கல்யாணம். பெண் ஆலங்குடிக் கலைச்செல்வி. மாப்பிள்ளை செல்லையாவின் அக்காள் மகன். கலைச்செல்வியின் அப்பா சாவுக்கு நாங்கள்தான் வாசித்தோம். மாப்பிள்ளை அழைப்புக்குப் போனபோது அந்தப் பெண் பின்வாசலுக்கு அண்ணனைக் கூப்பிட்டனுப்பி, அப்பா இல்லாத கல்யாணத்தில் அந்தப் பாட்டாவது இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறாள். அவர் சரி என்றுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவுப் பாட்டைக் கல்யாண வாசலில் வாசித்தால் தோலை உரித்துவிடுவார்கள் என்று கெஞ்சினேன். அப்போதுதான் அத்தனை வருசமும் சொல்லாததைச் சொன்னார். "கூறுகெட்டவனே, இது சாவுப் பாட்டே இல்லடா. ஒருத்தன் ஒருத்திய நெனச்சு ஆடுறதுக்குப் போட்ட பாட்டு. சாவுக்குக் கொண்டாந்தது நானு. இன்னைக்குத்தான் அது பொறந்த எடத்துல வாசிக்கப் போறேன்."

இரண்டு அடிதான் வாசித்தார். பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி பழக்கதோசத்தில் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டாள். அவள் மேல் என்ன தப்பு? அந்தப் பாட்டைக் கேட்டால் அழ வேண்டும் என்று ஒரு சுற்றுவட்டாரத்தையே பழக்கி வைத்திருந்தது நாங்கள்தான். அடுத்த நொடி பந்தல் அல்லோலகல்லோலமாகிவிட்டது. டியூப் லைட் உடைந்தது, என் டிரம்மைக் காலால் உதைத்துக் கிழித்தார்கள். "நான்தான் கேட்டேன், அவர விடுங்க" என்று கலைச்செல்வி கத்தினாள். யார் காதிலும் ஏறவில்லை. செல்லையா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "எங்க ஆத்தாளக் கொண்டுபோன பாட்டுடா இது" என்று சொல்லி, அண்ணன் வாயில் இருந்த டிரம்பெட்டை உள்ளங்கையால் ஓங்கி உள்ளே அடித்தார். முன்பல் மொத்தமும் போயிற்று. அண்ணன் அந்த வாயோடு செல்லையாவின் கைவிரலைக் கடைவாய்க்குக் கொடுத்துக் கடித்து முறித்தார். போலீஸ் வந்து பிரித்தது. மறுநாள் காலையில் காவலோடு தாலி கட்டினார்கள். அந்தப் பெண் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள்.

முன்பல் இல்லாதவன் டிரம்பெட் வாசிக்க முடியாது. புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போய்ப் பல் செட் கட்டினோம். ஊதினால் அது நழுவியது. நழுவ நழுவ ஊதிப் பார்த்துவிட்டுக் கழற்றிச் சுவரில் எறிந்தார். பேண்டு செட்டில் அவருக்கு அடுத்து வாசிக்கும் டேவிட் ஒரு நாள் ஆசையாக அந்தப் பாட்டை எடுத்தான். அண்ணன் விறகுக் கட்டையோடு விரட்டினார். அப்புறம் எவனும் தொடவில்லை. சாவு வீடுகளில் சினிமாப் பாட்டு போட்டோம். சனங்கள் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்கள்.

ஒரு முறை ஆரோக்கியம் செல்போனில் அதே பாட்டைத் தேடிப் பிடித்து வைத்தான். யார் யாரோ வாசிக்கிறார்கள், பாடுகிறார்கள். என் அப்பாவுக்குப் பிடித்த பாட்டு, என் மனைவி நினைவாகக் கேட்கிறேன் என்று எந்தெந்த ஊர்க்காரர்களோ கீழே எழுதியிருந்ததை ஆரோக்கியம் படித்துச் சொன்னான். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாத்தான் வாசிக்கிறான். எடம் விட மாட்டேங்குறான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "முருகேசா, நான் செத்தா அதை வாசிக்கணும். வாசிக்காம மண்ணப் போட்டீங்க, எந்திரிச்சு வந்து மிதிப்பேன்." யாருக்கும் சொல்லித்தராமல் வைத்துக்கொண்டு இதென்ன வீம்பு என்று சண்டை போட்டேன். "கேட்டவன் எவனாச்சும் வச்சிருப்பான், போடா" என்றார்.

அடக்கத்தன்று உச்சி வெயில். கல்லறைத் தோட்டம் கொள்ளாத கூட்டம். வேதக்காரர்களைவிட மற்றவர்கள் அதிகம். பங்குச்சாமியார் ஜெபத்தை முடித்ததும் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். ஆரோக்கியம் போனை ஸ்பீக்கரில் மாட்டிப் போட்டான். "இது இல்ல, நிறுத்து" என்று கூச்சல். டேவிட் டிரம்பெட்டை எடுத்தான். தொடக்கம் வந்தது. ஏறுகிற இடத்தில் தடுமாறி நின்றான். ஆலங்குடிக்காரர்கள் ஒரு மாதிரி பாடித் திருத்தினார்கள், எங்கள் ஊர்க்காரர்கள் அது தப்பு என்றார்கள். உனக்கென்ன தெரியும் என்று ஒருத்தன் நெஞ்சைத் தள்ள, இன்னொருத்தன் அறைந்தான். திறந்த குழிக்குப் பக்கத்திலேயே அடி விழுந்தது. மாலைகள் மிதிபட்டன. ஒரு ஆள் குழிக்குள் சரியப் பார்த்தார், இழுத்துப் பிடித்தோம். பெட்டியில் படுத்திருந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வழியனுப்பு கிடையாது என்று நினைத்தேன், நானும் ரெண்டு பேரை அடித்தேன்.

அப்போதுதான் ஆரோக்கியம் கூட்டத்தின் கடைசியில் செல்லையாவைப் பார்த்துவிட்டான். குழி வெட்டிய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். காம்பு பட்டுச் செல்லையாவின் நெற்றி பிளந்தது. ரத்தம் மீசை வழியே வழிந்தது. அவர் கையைத் தூக்கவில்லை. ஆரோக்கியம் மறுபடி ஓங்கினான்.

"அடிப்பா தம்பி" என்றார் செல்லையா. "ஆனா பாட்டு இவுங்க சொல்றமாரி இல்ல. எனக்குத் தெரியும்."

ரத்தத்தைத் துடைக்காமல் பாடத் தொடங்கினார். சொல் இல்லை, வெறும் ராகம். கரகரத்த குரல். முதலில் இருந்து, அண்ணன் வாசித்த நடையிலேயே. டேவிட் அதைக் காதில் வாங்கி மெல்லப் பின்னால் ஊதினான். ஆரோக்கியத்தின் கையில் இருந்த மண்வெட்டி கீழே இறங்கியது. அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்தபடியே நின்று பாடினார்கள். நான் டிரம்மை மாட்டிக்கொண்டேன். பாட்டு ஏறியது. அந்த இடம் வந்தது. செல்லையா நிறுத்தினார். அத்தனை சனமும் நிறுத்தியது. விரல் முறிந்து வளைந்துபோன அந்தக் கையை மட்டும் அவர் காற்றில் அசையாமல் பிடித்திருந்தார். நான் குச்சியைத் தூக்கி நின்றேன். பிறகு எல்லோரும் சேர்ந்து இறங்கினோம். ஆரோக்கியம் முதல் கைப்பிடி மண்ணைப் போட்டான். இரண்டாவது மண்ணைச் செல்லையா போட்டார், யாரும் தடுக்கவில்லை.

இப்போது டேவிட் ஞாயிற்றுக்கிழமைகளில் திருவரங்குளம் போய்ச் செல்லையாவிடம் அந்தப் பாட்டைப் பாடம் பண்ணுகிறான். என் கீழுதட்டில் அண்ணன் குத்திய தழும்பு இருக்கிறது. அந்த ஓர் அடி நேரம் வரும்போது நாக்கு தானாக அதைத் தொடுகிறது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தத் தழும்பும் நான் தட்டாமல் விடுகிற அந்த ஓர் அடியும்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கல்லறையில் மறுபடி வாசிக்கப் போகிறோம், எல்லோரும் வாருங்கள். அந்த இடத்தில் எவனாவது கை தட்டினால், கல்லறை என்றுகூடப் பார்க்க மாட்டேன், பல்லைப் பேர்த்துவிடுவேன்.