சாமியறையில் இருந்த நாலு சீன எழுத்து

எங்கள் அப்பா பருத்தித்துறையில் பிறந்து, மொன்றியலில் முப்பது குளிர்காலம் கண்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே கண்மூடினார். வேறு எப்படியும் அவர் போயிருக்கமாட்டார்.

செத்தவீடோ கலியாணவீடோ, பேசி முடித்தபின், "இன்னும் ஒரு வார்த்தை" என்று திரும்ப ஒலிவாங்கியைப் பிடிப்பார். அதற்குள் வடை ஆறிவிடும்.

சென்ட் லோரன்ட் பண்டகசாலையில் அவரோடு பெட்டி கட்டியவர் சீன அண்ணை. அப்பா ஓய்வுபெற்ற அன்று அவர் தூரிகையால் நாலு எழுத்து எழுதிக் கொடுத்தார். அப்பா அதைச் சட்டம் போட்டுப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிதோறும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கேட்டவர்களிடம், "நீடூழி வாழ்க எண்டு அர்த்தம்" என்பார்.

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் இந்த நினைவு மலரின் அட்டையில் அந்த எழுத்துகள்தான் வரவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அச்சகத்துக்குக் கொடுக்க இரண்டு நாள் இருக்கையில் சீன அண்ணை துக்கம் கேட்க வந்தார். சாமியறையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். பிரெஞ்சில் அர்த்தம் கேட்டேன்.

"பாம்பு வரைந்து கால் சேர்ப்பது" என்றார்.

ஒரு குடம் மதுவுக்காகச் சிலர் பாம்பு வரையும் போட்டி வைத்தார்களாம். முதலில் முடித்தவர், நேரம் இருக்கிறதே என்று காலும் வரைந்தார். கால் இருந்தால் அது பாம்பில்லை என்று அடுத்தவர் மதுவைப் பறித்துக் குடித்துவிட்டார். நிறுத்தத் தெரியாதவர்களுக்குச் சொல்வது அது.

சீன அண்ணையும் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எழுத்தெழுத்தாகத் தொடங்கினார். முதல் எழுத்தில் தூரிகை பிடித்த கை. இரண்டாவது பாம்பு, அதன் இடப்பாதியும் ஆதியில் பாம்புப் படம், வலப்பாதியும் பாம்புப் படம். மூன்றாவது சேர்ப்பது, ஓரத்தில் நீர். கடைசி எழுத்து முழங்காலும் பாதமும். நாங்கள் இரண்டு தடவை தேநீர் போட்டோம்.

அவர் போனபின் பயந்து பயந்து சொன்னேன். "அம்மா, அது வாழ்த்தில்லை. அப்பாவைப் பகிடி பண்ணி எழுதினது."

"தெரியும் மகள். சட்டம் போட்ட கடையிலேயே ஒரு சீனப் பிள்ளை வாசிச்சுச் சொன்னதாம். மாட்டாதேங்கோ எண்டன். 'என்னை இவ்வளவு வடிவா விளங்கின ஆள் வேற ஆர்?' எண்டார். பாம்பின் கால் பாம்பறியும்தானே. அட்டையிலை போடு."

போட்டிருக்கிறோம்.

அப்பாவைப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், ரொக்ஸ்பரோவிலிருந்து முப்பத்தொரு நாளும் சோறு கறி கொண்டுவந்த சித்தி, வாசலில் பனி தள்ளிய அயலவர்கள், சீன அண்ணை, அனைவருக்கும் எங்கள் நன்றி. கட்டுரை முடிந்தது.

இன்னும் ஒரு வார்த்தை. அப்பா, உங்கள் பேச்சை நாங்கள் ஒருநாளும் கடைசிவரை இருந்து கேட்டதில்லை. வடை ஆறினால் ஆறட்டும், ஒருக்கால் பேசுங்கோ.