இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

தலத்தெரு ரோஷன் பேகத்துக்குத் திங்கள் முதல் சனி வரை, சாயங்காலம் சரியாக ஏழரை மணிக்குக் கோபம் வரும். அவள் உயிராக நினைக்கும் நாவலை அந்த நேரத்தில்தான் டிவியில் சீரியல் என்ற பெயரில் கொலை செய்கிறார்கள். மடியில் புத்தகத்தை விரித்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிப்பாள். பார்க்காமல் விடவும் அவளால் முடியாது.

புத்தகத்தில் கதாநாயகன் தங்கையன் கறுத்து மெலிந்தவன், பிழைப்புத் தேடிக் கப்பலேறிப் போனவன். சீரியலில் வருகிறவன் ஜிம்மிலிருந்து நேரே வந்தவன் மாதிரி இருக்கிறான். அவன் மனைவி காசியம்மா பட்டுப்புடவையில் நாற்று நடுகிறாள். காலில் ஒரு பொட்டுச் சேறில்லை.

"வரிச்சிக்குடி பக்கம் ஒரு தடவ வந்து வயல பாக்கச் சொல்லு இவனுவள!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவாள்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். புத்தகத்தில் தங்கையன் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வீடு திரும்பிவிடுகிறான். காசியம்மா ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். சீரியலில் இரண்டு வருஷமாக அவனை வரவிடவில்லை. முதலில் கப்பலைக் கவிழ்த்தார்கள், அப்புறம் நினைவைத் தப்ப வைத்தார்கள், இப்போது சிங்கப்பூரில் இன்னொருத்தி.

அவள் கணவன் சஃபியுல்லாவும் குவைத்தில் அறைக்கூட்டாளிகளோடு அதே சீரியலைத்தான் பார்க்கிறான். அந்தப் புத்தகத்தில் இன்னொரு பிரதி வாங்கி, அங்கிருந்து ஊருக்கு வந்தவரிடம் அவனுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். அவன் பார்சலைக்கூடப் பிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு அவன் போன் பேசும்போது பாதி நேரம் இந்தச் சண்டைதான். இரண்டே வருஷம் என்று போனவனுக்கு இது பதினோராவது வருஷம். நடுவில் மூன்று தடவை லீவில் வந்து போனதோடு சரி. வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரேயடியாக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

"இன்னும் ஒரே ஒரு வருஷம் ரோஷன். கம்பெனியில விடமாட்டேங்குறாங்க" என்றான் போன வெள்ளிக்கிழமை. அவள் வாய் திறப்பதற்குள் பேச்சை மாற்றினான். "சீரியல் பாத்தியா? இப்பதான் விறுவிறுப்பா போவுது. அவன் இப்பவே வந்துட்டா அப்பறம் கதையில என்ன இருக்கு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவன் வர்றதுதாங்க கதையே! அவனுவளுக்கு விளம்பரம் வருது, நீட்டுறானுவ. நீங்க எதுக்குங்க நீட்டுறீங்க?"

 அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "புத்தகத்துல அவன் வந்து நிக்கும்போது அவ என்னதான் சொல்லுறா?"

"அவளுக்கு ஆளே அடையாளம் தெரியல. 'யாருங்க, என்ன வேணும்?'னு கேக்குறா" என்றாள் ரோஷன் பேகம்.

 "பெருநாளுக்கு டிக்கெட் போட்டுடுறேன், இன்ஷா அல்லாஹ்" என்றான் அவன் உடனே.

போனை வைத்துவிட்டுப் புத்தகத்தை மடியில் போட்டு இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தாள். ஒரு காட்சி மாறினாலும் சண்டைக்கு நின்றவள், கதையின் உயிரான இடத்தைத் தானே மாற்றிவிட்டாள். மடியிலிருந்த புத்தகத்தில் காசியம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

குவைத்தில் கிடக்கும் அந்தப் பார்சல் ஞாபகம் அப்போதுதான் வந்தது. பெருநாள் வரை அவன் அதைப் பிரிக்காமலே இருக்க வேண்டும் என்று ரோஷன் பேகம் கையேந்தித் துஆ கேட்டாள்.