செல் விழுந்த பக்கம்

சுவிஸின் பேர்ண் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு அந்த அவுஸ்திரேலியர் வந்தபோது அவருக்கு எழுபத்தெட்டு வயது. சுவிஸ் பெண்ணைக் கலியாணம் கட்டி, நாற்பது வருசத்துக்கு மேல் இங்கேயே வாழ்ந்தவர். மனைவி இறந்தபின், கால் தளர்ந்து சக்கர நாற்காலியோடு தனியே இருக்க முடியவில்லை. நாங்கள் ஆங்கிலமும் ஜேர்மனும் கலந்து கதைப்போம்.

ஒருநாள் அவருடைய அலுமாரியை அடுக்கும்போது, காலுறைகளுக்கு நடுவே ஒரு பதக்கம் கிடந்தது.

"வியட்நாம் போரில் தந்தது," என்றார். அவர்களுடைய பீரங்கித் தளத்தை எதிரிகள் சுற்றிவளைத்த நேரம், கூட நின்ற இருவர் காயப்பட்டு விழ, இவர் சூடேறிய பீரங்கியில் வெந்த கைகளோடு உதவி வரும்வரை ஒற்றை ஆளாகக் குண்டு ஏற்றி அடித்தாராம். "அது கிடக்கட்டும். அதற்கு முதல் எட்டு மாதமும், வரைபடத்தில் ஒரு இடத்தைச் சொல்வார்கள், அடிப்போம். குண்டு எங்கே விழுந்தது என்று ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "விழுந்த பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில்."

அவர் என் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். "சொல்லுங்கள்."

சொன்னேன். இராணுவ முகாமில் ஆட்லறிப் பீரங்கி வெடிக்கும் சத்தம் கேட்டதும், செல் வந்து விழ முதல், சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் பங்கருக்குள் குதிப்போம். அப்பா கிடங்கு வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடின பங்கர். அம்மா அக்காவின் காதுகளைப் பொத்துவா. கை இரண்டுதானே, என் தலையை மடிக்குள் அமத்திவிடுவா. ஒருநாள் வெளியே வந்து பார்த்தால் சோறு சமைத்த குசினியே இல்லை.

"உங்கள் வீட்டு ஆட்கள்?" என்று கேட்டார்.

"தப்பிவிட்டோம். அக்கா பாசல் நகரில் தாதி. அம்மா இங்கே பூம்ப்ளிஸில் என்னோடுதான். நேற்றும் கத்தரிக்காயை எரித்ததற்கு என்னை ஏசினா."

"அப்படியென்றால் நாங்கள் அடித்த இடத்திலும் ஆட்கள் தப்பியிருப்பார்களோ?"

"ஓம். ஆனால் எங்கள் வீட்டு ஒழுங்கையிலேயே தப்பாத ஆட்களும் உண்டு," என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவர் கனநேரம் அழுதார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் வந்து போகும்போது வாசலில் என்னைப் பிடித்தாள். "அப்பா இன்றைக்குத்தான் முதல்முறையாகப் போரைப் பற்றிக் கதைத்தார். அங்கே போய்ப் பார்க்க வேண்டுமாம்."

இளவேனிலில் அவரைச் சக்கர நாற்காலியோடு வியட்நாமுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு கிழமை கழித்து, வெயிலில் கறுத்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"தளம் இருந்த இடம் இப்போது ரப்பர் தோட்டம்," என்றார். "பக்கத்து ஊரில் என் வயதில் ஒரு பெண். அந்த நாளில் குண்டு விழும்போது நிலக்கிடங்குக்குள் பதுங்கித் தப்பியவளாம். நான் யாரென்று வழிகாட்டி மூலம் மகள் சொன்னதும் எழும்பி உள்ளே போய்விட்டாள். துரத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அன்னாசி வெட்டிக்கொண்டு வந்தாள். பேரனுடைய கலியாணத்துக்கும் வரச் சொன்னாள்."

"போகப் போறீங்களோ?"

"அவள் வீட்டு வாசலில் ஐந்து படி. நாற்காலி ஏறாது."

இப்போது தினமும் காலையில் இல்லத்துப் படிக்கட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஏறிப் பழகுகிறோம். நேற்று மூன்று படி ஏறினார்.