வழி விடாத பொனிடி

"பொனிடி. ஸ்டாப்பர். சட்டை எண் நான்கு. உயரமும் உரமும் ஒருங்கே அமைந்த இரும்புக் கோட்டை. இரக்கமோ தயக்கமோ அறியாதவர். இவரைத் தாண்டி எவரும் சென்றதில்லை."

கால்பந்து லீக் அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் வீரர் கையேட்டில், எங்கள் ஊர்க் கிளப்பான கரும்புப் படையின் பக்கத்தில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. பக்கத்திலேயே அவருடைய படத்தையும் போட்டிருந்ததுதான் தவறு. படத்தில் இருந்தவர் நடுத்தர உயரம். தோள்கள் சற்று முன்னே வளைந்திருக்கும். புகைப்படக்காரருக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டோமே என்று வருந்துகிற முகம்.

உண்மையில் பொனிடியைத் தாண்டிப் போகாதவர் ஊரில் யாருமே இல்லை. தெருவைக் கடக்கும் கோழிக்கு மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்மானிக்கும்வரை காத்திருப்பார். கால்பந்து தவிர அவர் பார்த்த ஒரே வேலை, சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு லாரிகளை வரிசைப்படுத்துவது. அவசரம் என்று சொன்ன ஓட்டுநர்களையெல்லாம் முன்னே விட்டார். அவசரம் இல்லாத ஓட்டுநர் உலகில் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த வாரக் கடைசியிலேயே ஆலை அவரை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

கையேட்டைப் படித்துக் காட்டியபோது அவர் மனைவி வார்சினி சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது. "அரிசி வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனா, எல்லாரும் வாங்கி முடிச்சு கடைக்காரர் கதவச் சாத்துற வரைக்கும் ஓரமா நின்னுட்டு வெறுங்கையோட வருவாரு. இவரு கோட்டையாம்!"

"கதவச் சாத்துறப்ப கூப்பிட்டா அவருக்குச் சங்கடமா இருக்காதா?" என்றார் பொனிடி.

ஸ்டாப்பரின் வேலையான தடுப்பாட்டம் என்பது, எப்படிச் சுற்றிச் சொன்னாலும், ஒருவன் போகும் வழியில் குறுக்கே நிற்பது. ஜாவாவின் சோலோ ஆற்றங்கரையில் அதைவிடப் பெரிய மரியாதைக் கேடு இல்லை. நாங்கள் உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்கும்போது நிமிர்ந்து நடக்க மாட்டோம். முதுகை வளைத்து, வலது கையைத் தாழ்த்தி முன்னே நீட்டி, "நுவுன் செவு" என்று மன்னிப்புக் கேட்டபடி போவோம். இருப்பவர்கள் காலை மடக்கிக்கொண்டு "மொங்கோ" என்பார்கள், தாராளமாகப் போங்கள் என்று. நடை பழகும்போதே இதுவும் பழகிவிடுவதால் இதில் மூளைக்கு வேலையில்லை. ஒருவர் கேட்டால் மற்றவரின் கால் தானாக ஒதுங்கும்.

இந்த ஊரில், இந்த மனிதர், ஆண்டுக்கணக்காகப் பிறர் வழியில் நின்று பிழைத்தார். எப்படி என்றால், கேட்டுவிட்டுத்தான்.

எதிரணி ஃபார்வர்டு பந்தோடு வருவார். பொனிடி எதிரே போய், தோளைத் தாழ்த்தி, கையை நீட்டி, "நுவுன் செவு, காங்" என்பார். 'அண்ணே, மன்னிக்கணும்' என்பது போல. நல்ல வீட்டில் வளர்ந்த ஃபார்வர்டின் கால், அவரைக் கேட்காமலேயே அரை அடி ஒதுங்கும். அந்த அரை அடிக்குள் பந்து பொனிடியிடம் இருக்கும். வாயால் "மொங்கோ" என்றே சொல்லிவிட்டு, பிறகு தலையில் அடித்துக்கொண்டவர்களும் உண்டு.

இதைத் தந்திரம் என்று சொன்னால் பொனிடிக்கு மனம் நோகும். "அடுத்தவர் கால்ல இருக்குற பந்து. கேக்காம எடுத்தா திருட்டு மாதிரி இருக்குங்க," என்பார்.

ஒருமுறை சுரபாயாவிலிருந்து வந்த ஒரு ஃபார்வர்டு பொறுக்க முடியாமல் ரெஃப்ரியிடம் ஓடி, 'பாக்', அதாவது பெரியவரே, என்று முறையிட்டார்.

"பாக், இவரு பேசியே பந்தப் புடுங்கறாரு!"

"என்ன பேசினாரு? திட்டினாரா?"

"இல்ல பாக். மன்னிப்புக் கேட்டாரு."

"மன்னிப்புக் கேட்டவருக்கு நான் அட்டை காட்டணுமா? உங்க வீட்ல பெரியவங்கன்னு யாரும் இல்லையா?"

அன்று மஞ்சள் அட்டை ஒன்று காட்டப்பட்டது. புகார் சொன்னவருக்கு.

ஜாவாக்காரர்கள் அல்லாத ஃபார்வர்டுகளிடம் இது செல்லாது என்பது உண்மைதான். மக்காசாரிலிருந்தோ பப்புவாவிலிருந்தோ யாராவது வந்தால் பொனிடி திணறுவார். எங்கள் லீக்கில் அப்படிப்பட்டவர்கள் குறைவாக இருந்ததால் அவருடைய கோட்டைப் பட்டம் பிழைத்துக் கிடந்தது.

பொனிடிக்கு முப்பத்தைந்து வயதானபோது கரும்புப் படை பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்கக்கூடாது. சமன் செய்தாலும் போதும், இரண்டாம் பிரிவில் நீடிக்கலாம். தோற்றால் கீழே இறக்கிவிடுவார்கள். கிளப் தலைவர் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: நீடித்தால் பொனிடிக்கு இன்னும் ஒரு பருவம், அதன் பிறகு பயிற்சியாளர் வேலை. இறங்கினால் அணியைக் கலைக்க வேண்டியதுதான். லாரி வரிசைக்குக்கூட லாயக்கில்லை என்று நிரூபித்துவிட்ட மனிதருக்கு அந்த ஆட்டம் எவ்வளவு பெரிது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வார்சினி சொன்னாள். அவர் இரண்டு இரவாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று.

அந்த ஆண்டின் பயிற்சியாளர் மனுருங். சுமத்ராத் தீவின் தோபா ஏரிப் பக்கத்து பத்தாக்காரர். அங்கே அன்பைக்கூட உரக்கத்தான் சொல்வார்களாம். எதிரணியில் தார்ப்பே என்ற லைபீரியர் ஃபார்வர்டாக வருகிறார் என்று தெரிந்ததும் பொனிடியைத் தனியே அழைத்தார்.

"இங்க பாரு. அவன் ஆப்பிரிக்காக்காரன். உன் வணக்கம் கும்பிடெல்லாம் அவன்கிட்ட எடுபடாது. வாய மூடிட்டு கால நீட்டு. புரியுதா?"

"சரிங்க கோச். ஆனா சொல்லாம எப்படிங்க எடுக்கறது?"

"எடுத்துட்டு அப்புறம் சொல்லு!"

பொனிடி யோசித்தார். "அது இன்னும் மோசமில்லீங்களா?"

மனுருங் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

முதல் பாதியில் பொனிடி சொன்னபடியே வாயை மூடிக்கொண்டார். வாயோடு கண்ணும் மூடிக்கொண்டதோ என்று எங்களுக்குச் சந்தேகம். பந்தைத் தேடி நீட்டிய கால் தார்ப்பேயின் கணுக்காலில் விழுந்தது. மஞ்சள் அட்டை. தார்ப்பேயைக் கைகொடுத்துத் தூக்கி, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, பொனிடி நெடுநேரம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். தார்ப்பே தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அவருக்கு என்ன புரிந்திருக்கும் என்று பார்வையாளர் மேடையில் இருந்த நாங்கள் சிரித்தோம்.

இடைவேளையில் மனுருங் பொனிடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இப்பதான்டா நீ ஸ்டாப்பர்!"

பொனிடிக்கு அது பாராட்டாகப் படவில்லை. இருந்தாலும் இரண்டாம் பாதியில் இன்னும் நன்றாக நின்றார். மௌனமாகவும், துயரமாகவும், பந்துக்கு முன்னால். ஆட்டம் கோலின்றி முடிவை நெருங்கியது. மேடையில் சிலர் கொடிகளைச் சுருட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கத் தயாரானார்கள்.

தார்ப்பேயைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தும் நாங்கள் நினைத்துப் பார்க்காத ஒன்று இருந்தது. அவர் சோலோ நகரில் பெண்ணெடுத்தவர். மாமனார் அரண்மனையில் சேவகம் செய்தவர். அந்த வீட்டில் பூனை குறுக்கே போனாலும் குனிந்துதான் போகும் என்பார்கள். தார்ப்பே அந்த வீட்டில்தான் பல ஆண்டுகளாகக் குடியிருந்தார். நாங்கள் அவர் பிறந்த நாட்டைப் பார்த்தோம், மாமனார் வீட்டைப் பார்க்கவில்லை.

நீளமாக ஒரு பந்து வந்தது. எங்கள் பின்களத்தின் மற்ற வீரர்கள் முன்னேறிப் போயிருந்தார்கள். தார்ப்பேக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் பொனிடி மட்டும். அவர் சரியான இடத்தில்தான் நின்றார். தார்ப்பே பந்தைக் காலில் வாங்கினார். ஓடிக்கொண்டே தோளைத் தாழ்த்தினார். வலது கை தாழ்ந்து முன்னே நீண்டதை மேடையின் கடைசி வரிசையிலிருந்தும் பார்க்க முடிந்தது.

"நுவுன் செவு, பாக்."

காங் என்றுகூடச் சொல்லவில்லை. பாக். பெரியவரே.

பந்து வலைக்குள் கிடந்தது.

மைதானம் கத்தவில்லை. என்ன நடந்தது என்பது ஒவ்வொருவருக்கும் தத்தம் காலில் தெரிந்திருந்தது. மனுருங் மட்டும் கோட்டோரம் ஓடிவந்தார். "என்னடா பண்ண நீ? என்னடா பண்ண?"

"கேட்டாருங்க கோச்," என்றார் பொனிடி.

பத்திரிகைக்காரர் தார்ப்பேயை மடக்கி, வேண்டுமென்றே செய்த தந்திரமா என்று விசாரித்தார். தார்ப்பேக்கு முகம் சுருங்கிவிட்டது. "வயசுல பெரியவரு எதிர்ல நிக்கறாரு. கேக்காம எப்படிங்க தாண்டறது?" நையாண்டி என்று நினைத்துப் பத்திரிகையில் அதைப் போடவில்லை. பொனிடி அதைக் கேட்டிருந்தால் ஒரு எழுத்துக்கூட மாற்றச் சொல்லியிருக்க மாட்டார்.

அணி கலைந்தது. பயிற்சியாளர் வேலையும் போயிற்று. சில நாள் பொனிடி வெளியே வரவில்லை. அவர் இல்லாததால் காப்பிக் கடை பெஞ்சில் தாராளமாகப் பேச முடிந்தது. சர்க்கரை ஆலை எழுத்தர் ஹர்தோயோதான் அதிகம் கொதித்தார்.

"எங்கப்பாவே எந்திரிச்சு வந்து கேட்டாலும் நான் நகர்ந்திருக்க மாட்டேன். ஊர் மானம் முக்கியமா, மரியாதை முக்கியமா?"

"நகர்ந்திருக்க மாட்டீங்களா?" என்றாள் கடைக்கார அம்மாள் பு சாதினா, சோயா டெம்பே பொரித்தபடி.

"ஒரு அங்குலம்? பாறை மாதிரி நின்னுருப்பேன்!"

அப்போது பொனிடி கடைக்குள் வந்தார். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் இருந்தது ஒரே சந்து. அவர் முகம் கறுத்து மெலிந்திருந்தது. முதுகை வளைத்தார், கையைத் தாழ்த்தினார். "நுவுன் செவு."

பெஞ்சில் இருந்த கால்கள் அத்தனையும் மடங்கின. எல்லார் குரலுக்கும் மேலே ஹர்தோயோவின் குரல் கேட்டது: "மொங்கோ, காங், மொங்கோ!"

பு சாதினா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அதன் பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றி அந்த பெஞ்சில் யாரும் பேசவில்லை.

அந்த ஆண்டுக் கையேடு இன்னும் கிளப் அலுவலகத்து அலமாரியில் இருக்கிறது. அதில் பொனிடியைத் தாண்டி எவரும் சென்றதில்லை. மைதானத்தில் நடந்தது வேறு. தன் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், எதிரே வந்தவர் முறையாக வழி கேட்டார். பொனிடி இடது காலைப் பின்னே எடுத்து வைத்து, "மொங்கோ" என்று சொல்லி, வழி விட்டார்.