தேய்ந்த பல்லுக்கு எடுத்த அளவு

1. நழுவிய கல்

எண்பதுகளின் நடுவில் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் கருங்கல் அடுக்கும் வேலை நடந்தது. வெள்ளம் கரையை அரித்துவிடாமல் இருப்பதற்கான வேலை. அதை எடுத்திருந்த கான்ட்ராக்டரிடம் நான் மெஷின் ஆபரேட்டர். மெஷின் என்றால் பெரியதாக நினைத்துவிடாதீர்கள். டிராக்டரின் பின்பக்கம் ஒரு இரும்புக் கையும் பக்கெட்டும் பொருத்தியது, அவ்வளவுதான். மண் தோண்ட நன்றாக உழைக்கும். கல்லைத் தூக்கத்தான் லாயக்கில்லை. பக்கெட் அள்ளும், பிடிக்காது.

நான் தூக்கிக் கொடுக்கும் கல்லைக் கடப்பாரையால் நெம்பி, சரிவில் உட்காரவைப்பவர் ஆரோக்கியம் அண்ணன். கல் அடுக்குவதில் அவரைப் போல ஆள் கிடையாது. ஒரு நாள் பக்கெட்டிலிருந்து ஒரு பாறாங்கல் நழுவி, அவர் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரோ கல்லை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன தம்பி, என்னையும் சேர்த்துக் கரையில வச்சுக் கட்டிரலாம்னு பாக்குறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரே முதலாளியிடம் போனேன். "மொதலாளி, இந்த பக்கெட்ட வச்சுக்கிட்டு இனிமே கல்லு தூக்க மாட்டேன். எதுத்தாப்புல ஒரு பிடி வேணும். இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்குங்க."

"என்னடா மெரட்டுற? என்ன பிடி?"

என் நாலு விரலையும் மடக்கி, கட்டைவிரலை எதிரே வைத்துக் காட்டினேன். "இது மாதிரி."

2. மூன்றில் ஒன்று

மெட்ராஸ் ஏஜென்ட் ஒருவருக்கு முதலாளி ட்ரங்க் கால் போட்டுப் பேசினார். வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறதாம். ஆயில் பிரஷரில் வேலை செய்யும், லீவரைத் தட்டினால் தானாகத் திறந்து மூடும். விலையைக் கேட்ட முதலாளி போனை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். "நம்ம டிராக்டரையே வித்தாக்கூட அத வாங்க முடியாதுடா. பாலக்கரைக்குப் போ. பாய் ஏதாவது வழி சொல்வாரு."

பாலக்கரையில் காதர் பாய் ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அவர் சிலேட்டை எடுத்துப் படம் போட்டார்.

"ரெண்டு விதமாப் பண்ணலாம். மெஷின் கையில ரெண்டு இரும்புப் பட்டையை நேரா வச்சு வெல்டு அடிச்சுட்டா செலவு கம்மி. ஆனா அது மடங்காது. மண்ணு தோண்டும்போது நீட்டிக்கிட்டு நின்னு உசுர வாங்கும். இன்னொண்ணு, பட்டைய மடங்குற மாதிரி வச்சு பின்னு போட்டு நிறுத்துறது. மூணு ஓட்டை. பெரிய கல்லுக்கு ஒண்ணு, சின்னதுக்கு ஒண்ணு, வேணாங்கும்போது மேல மடக்கி வைக்க ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் நீங்கதான் எறங்கி மாட்டணும். எண்ணெயும் வேணாம், ஓஸ் பைப்பும் வேணாம். என்ன சொல்றீங்க?"

"எறங்கி ஏறுறதுக்கென்ன பாய், காலு இருக்கு. பின்னு போடுறதே பண்ணுங்க."

பழைய லாரி சேசிஸ் பட்டையை அறுத்து இரண்டு விரல் மாதிரி செய்தார். பக்கெட்டை மூடும்போது அந்த இரண்டு பட்டையும் பக்கெட்டின் பற்களுக்கு நடுவே நுழைந்து வர வேண்டும். அப்போதுதான் சின்னக் கல்லும் சிக்கும். அளவு எடுத்துக் கொடுத்தது நான். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். அன்றைக்கு பக்கெட்டில் இருந்த பற்கள் மண்ணில் கிடந்து தேய்ந்து, மொண்ணையாகி, ஒடுங்கிப் போயிருந்தன. அந்தத் தேய்ந்த பற்களின் இடைவெளியைத்தான் நான் ஸ்கேல் வைத்து அளந்தேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அது அவ்வளவு அழகாக வேலை செய்தது. ஆறு பேர் முக்கி முனகித் தள்ளும் கல்லை மெஷின் கவ்விக்கொண்டு போய் அலுங்காமல் வைத்தது. ஆரோக்கியம் அண்ணன், "தம்பி, இப்பதான் உன் மெஷினுக்குக் கை மொளச்சிருக்கு" என்று என் முதுகில் தட்டினார். நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன். திருவானைக்காவல் டீக்கடையில் எல்லாம் அதைப் பற்றியே பேச்சு. அவ்வளவு பெருமை எனக்கு.

3. பூஜை போட்ட மெஷின்

ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவி, பெயிண்ட் அடித்து, தேய்ந்த சாமானை மாற்றுவது எங்கள் வழக்கம். அந்த வருஷம் முதலாளி பக்கெட்டுக்குப் புதுப் பல் செட் வாங்கி வந்தார். பூஜை அன்று காலையில் நான்தான் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை போல்ட் போட்டு முடுக்கினேன். பளபளவென்று இருந்தது. சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. சாவியைக் கழற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று. பூஜை போட்ட மெஷினை மறுநாள் விஜயதசமி வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணமாட்டோம். அதுவும் வழக்கம்.

மறுநாள் காலையில் எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றி வண்டியை எடுத்தேன். முதல் கல்லை நல்ல நேரத்தில் வைக்க வேண்டும். முதலாளி ஒரு சின்னக் கல்லாகப் பார்த்து மஞ்சள் பூசி வைத்திருந்தார். "சாஸ்திரத்துக்கு ஒரு கல்லு. அலுங்காம தூக்கி வையி."

பின்னைச் சின்னக் கல்லுக்கான ஓட்டையில் மாட்டினேன். கல்லைக் கவ்வித் தூக்கிக்கொண்டு சரிவுக்குப் போனேன். ஆரோக்கியம் அண்ணன் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, கல் உட்கார வேண்டிய மூலையில் வலது கையை வைத்து, "இங்க, இங்க" என்று காட்டினார். கல் லேசாக ஆடியது. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கலாம் என்று பக்கெட்டை மூடினேன். மூட மறுத்தது. என்னடா இது என்று லீவரை முழுசாக இழுத்தேன்.

டப் என்று ஒரு சத்தம். வெடி வெடித்த மாதிரி. பின் இரண்டாக முறிந்தது. பட்டை இரண்டும் விட்டுப்போய் மேலே எகிறின. மஞ்சள் பூசிய கல் கீழே விழுந்தது. அப்புறம் ஆரோக்கியம் அண்ணன் போட்ட அலறல். ஐயோ, அதை நான் என்ன வார்த்தையில் எழுதுவேன்! சீட்டிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவரைக் காரில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

4. வாயைத் திறக்காத நாட்கள்

எல்லோரும் போன பிறகு நான் பக்கெட்டின் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். புதுப் பல்லின் பக்கவாட்டில் பெயிண்ட் உரிந்து, பட்டை முட்டிய தடம் அப்பட்டமாகத் தெரிந்தது. புதுப் பல் அகலம். தேய்ந்த பல்லுக்கு எடுத்த அளவில் செய்த பட்டை அதற்கு நடுவே எப்படி நுழையும்? பெரிய கல் என்றால் பக்கெட் அவ்வளவு தூரம் மூடாது, முட்டியிருக்காது. சின்னக் கல் என்பதால் போய் முட்டிவிட்டது. நான் லீவரை இழுத்த வேகம் முழுவதும் அந்த ஒற்றைப் பின்னின் மேல் இறங்கியிருக்கிறது. பல்லை மாற்றியவன் நான். அளவு எடுத்தவனும் நான். கல்லில்லாமல் வெறும் பக்கெட்டை ஒரே ஒரு தடவை மூடிப் பார்த்திருந்தால் போதும்.

அதைவிட என்னை அதிரவைத்தது வேறொன்று. என் கை பாட்டுக்கு டூல் பெட்டியில் ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தது. புதுப் பல்லைக் கழற்றிப் பழையதை மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது! அடப்பாவி, அங்கே ஒரு மனுஷன் ரத்தம் கொட்டிக் கிடக்கிறான், உன் புத்தி போகிற போக்கைப் பார் என்று என்னையே திட்டிக்கொண்டு ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன். ஆனால் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் நான்தான்.

இதற்குள் சைட்டில் ஒரே பேச்சுதான். "அவன் ஏன் கைய அங்க வச்சான்? அவ்ளோ கிட்டத்துல யாரு நிக்கச் சொன்னது?" முதலாளி ஆரம்பித்தார், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர் தினமும் நிற்கிற இடம்தான் அது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுப் பல்லைக் காட்டிச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வாய மூடிக்கிட்டு இரு. நடந்தது நடந்துபோச்சு. அவனே தன் தப்புன்னுதான் சொல்றான். நீ ஏன் போய் மாட்டிக்கிற?"

அவனே தன் தப்பு என்று சொல்கிறானாம்!

5. ஆரோக்கியம் அண்ணன் வீட்டில்

பத்தாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். வாசல் கொட்டகையில் பெரிய கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூச்சப்பட்டுத் தட்டை மறைத்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பல், பட்டை, அளவு, ஸ்பானரைத் தேடியது உட்பட. "நீங்க நின்ன எடத்துல ஒரு தப்பும் இல்லண்ணே. தப்பு பூரா என்னுது."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"இத ஏன் தம்பி அன்னிக்கே சொல்லல?"

"பயந்துட்டேண்ணே."

"சைட்டுலேர்ந்து வந்தவங்க எல்லாம், நான் எடம் தெரியாம நின்னேன்னு எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போயிட்டாங்க. மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு இப்படி அஜாக்கிரதையா இருந்தியேன்னு பத்து நாளா அவ எங்கிட்ட மொகம் கொடுத்துப் பேசல. சோத்தப் போட்டு வச்சுட்டு உள்ள போயிடுறா. நானும் என் தப்புன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்." தலையை உள்பக்கம் ஆட்டினார். "உள்ளதான் இருக்கா. போய் அவகிட்ட சொல்லு."

உள்ளே போய்ச் சொன்னேன். அந்த அம்மா கேட்டு முடித்ததும் விருட்டென்று வெளியே வந்து, அவர் முன்னால் உட்கார்ந்து, தட்டைப் பிடுங்கித் தன் கையால் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் தெருவுக்கு வந்து நின்றுகொண்டேன்.

மெஷின் ஓட்டும் தம்பிகளே, விலை குறைந்த சாமான் வாங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. காதர் பாய் செய்து கொடுத்ததில் ஒரு குறையும் கிடையாது. அளவைத் திருத்தி அவரே மறுபடி செய்து கொடுத்தார், அதற்குப் பிறகு பல வருஷம் உழைத்தது. ஆனால் ஒரு போல்ட்டை மாற்றினாலும் சரி, ஆளை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வெறும் பக்கெட்டை ஒரு தடவை திறந்து மூடிப் பாருங்கள். பூஜையாவது, நல்ல நேரமாவது, எதுவும் அதற்கப்புறம்தான். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் பத்து நாள் தள்ளிப்போட்டேன். அந்தப் பத்து நாளும் அந்த மனுஷன் இடது கையால் தானே பிசைந்து சாப்பிட்டார்.