மொஸ்கோ சிரித்த வருசம்

புவாண்ட்-கிளேரில் லொறிகள் பின்பக்கமாக வந்து நிற்கிற களஞ்சியம் ஒன்று, புரோசார்டில் மரக்கறிக் கடை, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் நானே பலகைத் தளம் பெயர்த்துப் போட்ட மூன்று மாடி வீடு: இவ்வளவும் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் இந்த மொன்றியல் நகரத்தில் உண்டாக்கியவை. வங்கிக்காரன் முதல் தடவை என்னை நிற்கவைத்தே பேசி அனுப்பினான். அடுத்த தடவை கோப்பி தந்தான். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னர், மீசை முளைக்காத வயதில், நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை, ஆகையால் நானே சொல்கிறேன்.

அந்த வருசத்தை நினைத்தால் முதலில் வருவது சூடாக்கியின் மேல் காயப்போட்ட ஈரக் கால்மேசுகளின் மணம். எண்பதுகளின் நடுப்பகுதி. மாமாவும் நானும் இன்னும் சில ஆண்களும் ஒரே குடியிருப்பில் இருந்தோம். மாமா என்றால் அம்மாவின் தமையன். ஊரில் சீமெந்து ஆலைத் தொழிற்சங்கத்தில் பெரிய குரல், பழைய மொஸ்கோ விங் கம்யூனிஸ்ட். கூட இருந்த சின்னராசா அண்ணை சீனாவின் பக்கம் நின்ற பீக்கிங் விங். கட்சி இரண்டாக உடைந்து எத்தனையோ வருசம் போய், ஊரையும் விட்டு, இருவரும் மொன்றியலில் ஒரே உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த காலத்திலும், அந்தப் பிளவு மட்டும் சமையலறை மேசையில் தினமும் பரிமாறப்பட்டது.

தெருவோரத்தில் கிடந்து தூக்கிவந்த ரீவியில் ஒரேயொரு பிரெஞ்சு நிலையம்தான் தெளிவாக வரும். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே செய்தி நேரத்தில் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அமெரிக்கா சொன்னதையும் ரஷ்யா சொன்னதையும் அந்த வீட்டுக்குள் தமிழாக்கி விட்டவன் நான்.

அந்தச் செய்தி எங்களுக்கு வெறும் செய்தி இல்லை. விசா இல்லாத எங்கள் சனத்துக்கு அன்று இருந்த வழி, கொழும்பில் ரஷ்ய விமானம் ஏறி மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின், பிறகு மதிலைத் தாண்டி ரயிலில் மேற்கு பேர்லின். மேற்கை அரியண்டப்படுத்துவதற்காகக் கிழக்குக்காரன் எங்களைக் கேள்வி கேளாமல் ரயிலேற விடுவான். அந்த மதிலை எல்லையென்று ஒத்துக்கொள்ள மனமில்லாத மேற்குக்காரன் அந்தப் பக்கம் காவல் போடமாட்டான். என் அம்மாவும் மாமாவின் மனைவியும், நான் "மாமி" என்பேன், அந்த வழிக்கு ரிக்கெற் எடுத்து வைத்துக்கொண்டு கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அப்பா முதலே இல்லை. எனக்கு உலகத்தில் இருந்தது அம்மா மட்டும்தான்.

பனி கரைகிற நேரத்தில் மொஸ்கோவுக்குப் புதுத் தலைவர் வந்தார். ரீவியில் அவர் சிரித்தார். முன்பு இருந்தவர்கள் சிரித்து நாங்கள் கண்டதில்லை.

"பார்த்தியே சின்னராசா, உலகச் சமாதானம் வருகுது" என்றார் மாமா.

"ஓம் ஓம், உன்ர மொஸ்கோச் சாமி பல்லுக் காட்டுறார். ஆருக்குக் காட்டுறார் எண்டும் பார், தோழர். எங்களுக்கில்லை, அமெரிக்கனுக்கு."

"பீக்கிங் விங்குக்கு வயித்தெரிச்சல்."

"வயித்தெரிச்சல் இல்லை, பசி. இண்டைக்குச் சோறு போடுற முறை உன்ரை. புரட்சி முடிஞ்சால் உலையை வை."

மாமாவுக்கு அந்தச் சிரிப்பு பெரிய நம்பிக்கையைக் கொடுத்துவிட்டது. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, "அவசரப்படாதையுங்கோ, ரெண்டு பகுதியும் சிநேகமாகப்போகினம், பேந்து ஒழுங்கா விசா குடுப்பினம், பெண்டுகள் களவா ரயிலேறத் தேவையில்லை, மரியாதையா வாங்கோ" என்று சொன்னார். அம்மாவும் மாமியும் புறப்படாமல் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாலை அந்த நிலையத்தில் வேறு செய்தி வந்தது. மேற்கு ஜேர்மனி கிழக்கு ஜேர்மனியோடு பேசுகிறது, விசா இல்லாதவர்களை இனி விடவேண்டாம் என்று கேட்கிறது, கிழக்கும் காது கொடுக்கிறது. நான் அதைச் சொன்னதும் மாமா கையை உதறினார்.

"அது மேற்கத்தியான்ர பிரச்சாரமடா. அவங்கள் எங்களுக்குக் கதவடைக்க ரஷ்யா விடாது."

நான் விடவில்லை. ஊரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கோபமாக இருந்த காலம் முழுக்க வேலியில் ஒரு "பொட்டு" இருந்தது. ஆள் குனிந்து நுழையக்கூடிய ஓட்டை. ஆர் அடைப்பது என்று இரண்டு பகுதியும் முறைத்துக்கொண்டு நின்றதால் நான் அதற்குள்ளால்தான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். ஒரு கலியாண வீட்டில் இரண்டு வீட்டாரும் கதைத்துப் பேசி ராசியானார்கள். மறுநாள் காலை இரண்டு வீட்டு ஆண்களும் சேர்ந்து நின்று, ஓலை வைத்துக் கட்டி, அதை அடைத்தார்கள். இதைத்தான் மாமாவுக்குச் சொன்னேன். சிநேகமானால் முதல் அடைபடுவது பொட்டுத்தான் மாமா, இப்பவே வரச்சொல்லுங்கோ என்றேன்.

"வேலியும் வல்லரசும் ஒண்டோடா?" என்று மாமா சிரித்தார்.

சின்னராசா அண்ணை சிரிக்கவில்லை. "பெடியன் சொல்லுறதிலை விசயம் கிடக்கு" என்றார்.

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பீக்கிங் விங் ஒத்துக்கொண்ட ஒன்றை மொஸ்கோ விங் ஏற்றுக்கொள்ளுமா? மாமாவின் முகம் மூடிவிட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை எல்லாரும் வேலைக்குப் போனபின் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்று கொழும்பு லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா தொலைபேசிக்கு வந்தா.

"அம்மா, இந்தக் கிழமையே வெளிக்கிடுங்கோ. மாமியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. வழி பூட்டப்போறாங்கள்."

"மாமா சொன்னவரோ?"

"நான் சொல்லுறன்."

"சரி ராசா" என்றா அம்மா.

மாமி வரவில்லை. "அவர் சொல்லாமல் நான் வெளிக்கிடமாட்டன்" என்று நின்றுவிட்டா. அம்மா தனியாக, மொஸ்கோ விமான நிலையத்தில் தரையில் இருந்து, கிழக்கு பேர்லினில் ரயிலேறி, அந்தப் பக்கம் போய் இறங்கினா. அதன்பின் அதிக நாள் போகவில்லை. கிழக்கு ஜேர்மனி எங்கள் ஆட்களுக்கு அந்த வழியைப் பூட்டியது. ரீவியில் வந்தது, நான்தான் மாமாவுக்குச் சொன்னேன். மாமா ஓடிப்போய் மாமிக்குத் தொலைபேசி எடுத்து இப்போதே ஏறு என்றார். விசா இல்லாமல் ஏற்றமாட்டோம் என்று கொழும்பிலேயே திருப்பிவிட்டார்கள். மாமி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போனா. பிறகு ஒருநாள் ஷெல் விழுந்தது. மாமி செத்த செய்தி வந்த அன்று மாமா வேலைக்குப் போனார். மாலை வந்து, ரீவியைப் போடு என்றார். போட்டேன். மொஸ்கோவும் வாஷிங்டனும் பேசுகின்றன என்றேன். ஓம் என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அவருக்கும் வந்ததாக நான் காணவில்லை.

அந்த ஷெல்லுக்கு முந்தியே, ஜேர்மன் அகதி விடுதியில் ஒரு வருசத்துக்கு மேல் இருந்துவிட்டு அம்மா மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, "என்ர தங்கச்சியை நான் கனடாவுக்கு எடுப்பிச்சுப்போட்டன்" என்று மாமா எல்லாருக்கும் முன்னால் சொன்னார். நான் அம்மாவின் பெட்டியைத் தூக்கினேன். மாமியை இழக்கப்போகிறவர் என்று அன்று தெரியாவிட்டாலும், மாமி வராத ஆளிடம் என்னத்தைப் பேசுவது. அவர் சாகும்வரைக்கும் அதையே சொன்னார்.

இன்று கிழக்கு ஜேர்மனி என்று ஒரு நாடு இல்லை. மதிலும் இல்லை. சிரித்த தலைவரின் நாடு துண்டு துண்டாய்ப் போனது. மிராபெல்லில் இப்போது பயணிகள் இறங்குவதில்லை. மொஸ்கோவும் மேற்கும் திரும்பவும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. என் பெரிய ரீவியில் பிரெஞ்சிலேயே பார்க்கிறேன், தமிழில் சொல் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. பார்த்துக்கொண்டே இருப்பேன். உள்ளே ஒன்றும் அசைவதில்லை.

போன மாரியில் அம்மா போனா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு கல்வெட்டு என்று அடிக்கிற நினைவு மலரில், எங்கள் ஊர்ச் சங்கத்துக்காரர், "தமையனாரின் தீர்க்கதரிசனத்தால் கனடா வந்து சேர்ந்தார்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அச்சடித்து, பழத்தோடு சேர்த்து வந்தவர்களுக்குக் கொடுத்தும் ஆயிற்று. ஆண்டுத் திவசம் வருகிறது, மலர் திரும்ப அடிக்கப்போகிறார்கள். மாமாவின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, ரிக்கெற் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் அம்மாவை வெளிக்கிடச் சொன்னவன் நான். சங்கத்துக்காரரே, அந்த வரியில் என் பெயரைப் போடுங்கோ.